முகம் தீட்டுகிறவள்

முற்றத்துச் செங்கல் தரையில் எல்லாவற்றுக்கும் நிழல் இருந்தது. கொடியில் காய்ந்த துணிகளுக்கு, நாரத்தை மரத்துக்கு, அதில் பறிக்காமல் விட்டிருந்த காய்களுக்கு, கவிழ்த்து வைத்த செம்புக் குடத்துக்கு, குடத்தின்மேல் வந்து உட்கார்ந்து உடனே பறந்துபோன குருவிக்குக்கூட. குளிர்காலத்துப் பிற்பகல் வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொன்றையும் இரண்டாக்கி, இரண்டாவதை நீளமாக இழுத்துத் தரையில் கிடத்தியிருந்தது. மெஹ்ரி மட்டும் ஒருத்தியாகவே நின்றாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து கிண்ணத்தில் தூரிகையை அலசிக்கொண்டிருந்த மஹ்லகா கையை நிறுத்தினாள். மகள் வெயிலுக்கு நடுவில் நின்று வாதுமைக் கொட்டைகளைக் குடத்தின் விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கொட்டையின் பக்கத்திலும் ஒரு சின்னக் கறுப்பு. மகளின் காலடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், ஏதோ இருப்பதுபோல இருந்தது. குடம் தண்ணீரில் ஒரு சொட்டு மை விழுந்தால் எப்படியோ அப்படி. இருக்கிறது என்று நினைத்தால் இருந்தது.

காலையிலிருந்து இமைகளையும் உதடுகளையும் பார்த்துப் பூத்துப்போன கண். அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கூப்பிட்டாள்.

"மெஹ்ரி, கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு."

"எங்கம்மா?"

"அந்தப் பக்கம். மரத்துக்கிட்ட."

சிறுமி நகர்ந்தாள். தரையில் எதுவும் நகரவில்லை.

ஷீராஸின் அந்தத் தெருவில் பாதி வீடுகள் புத்தகம் செய்கிற வீடுகள். இந்த வீட்டில் நாத்தனார் ஃபக்ரி வரிகளை எழுதுவாள். கணவன் கியாஸ் குதிரைகளையும் கோட்டைகளையும் வரைந்து வண்ணம் கொடுப்பான், கடைசியில் தைத்து அட்டை போடுவதும் அவன்தான். மஹ்லகாவுக்கு முகங்கள். பாறைகள், தங்க வானம், கவசங்கள், குதிரைக் குளம்புகள் எல்லாம் முடிந்து, ஆட்களின் கழுத்துக்குமேல் வெற்றுக் காகிதமாக மட்டும் மிச்சம் இருக்கும்போதுதான் ஏடு அவளிடம் வரும். முகம் எப்போதும் கடைசி.

முகத்துக்கான தூரிகையைப் பூனைக்குட்டியின் கழுத்தடி மயிரில்தான் செய்வார்கள். புறா இறகின் தண்டுக்குள் செருகிக் கட்டினால் நுனியில் ஒற்றை மயிர் மட்டும் நீண்டு நிற்கும். புருவம், இமை, உதட்டுக் கோடு எல்லாம் அந்த ஒற்றை மயிரின் வேலை. இந்தக் குளிரில் தெருவிலிருந்த பூனைகளெல்லாம் சீக்கு வந்து செத்துப்போயின. பழைய தூரிகை சிலும்பிவிட்டது. கியாஸ் அணில் வாலைக் கொண்டுவந்து கொடுத்தான். கோடு பிசிறடித்தது. அப்போது கையிலிருந்தது ஊரை ஆளும் கானுக்கான ஒரு காவியப் புத்தகம். கானின் காரியஸ்தர் ஏடுகளைப் பார்க்க வரப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முற்றத்தில் நிழலைத் தேடிய நாளுக்குச் சில நாள் முன்பு, ஒரு காலை மகளுக்குத் தலைவாரும்போது, காதுக்குப் பின்னால் சடைக்குள் அடங்காத அந்தப் பூனைமுடி மஹ்லகாவின் விரலில் பட்டது. மனித முடி தூரிகைக்கு ஆகாது என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஈரம் பட்டால் துவண்டுவிடும், நுனி ஒன்றாகச் சேராது. தெரிந்தேதான் கத்திரியை எடுத்தாள். கட்டி, நீரில் தோய்த்து, நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். நுனி கூடியது. எந்தப் பூனையின் மயிரும் அப்படிக் கூடியதில்லை.

அவள் மடியிலிருந்த ஏட்டில் ஒரு மலைக்கோட்டை முற்றுகை. கோட்டைக்காரர்கள் பிணையாகப் பிடித்து வைத்திருந்த சிறுவனை மதிலிலிருந்து கீழே தள்ளுகிறார்கள். கீழே குதிரையின்மேல் அவன் தகப்பன், காவியத்தின் மாவீரன், பார்த்துக்கொண்டிருக்கிறான். படையைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும். அவனுக்குக் கோட்டை வேண்டும். சிறுவன் பாதி தூரம் விழுந்திருக்கிறான், சட்டை மேலே பறக்கிறது, கழுத்துக்குமேல் ஒன்றும் இல்லை.

விழுகிறவனுக்கும் தள்ளுகிறவனுக்கும் ஒரே முகம்தான் தீட்டுவது. நிலா மாதிரி வட்டம், வில்லான புருவம், மூடிய சின்ன வாய். வெட்டுப்பட்டு உருளும் தலைகூட அப்படித்தான் அமைதியாகப் பார்க்கும். மஹ்லகா இத்தனை வருடங்களில் எத்தனையோ பேரை அந்த ஒரே முகத்தோடு சாக அனுப்பியிருக்கிறாள். எதுவும் உறுத்தியதில்லை. அது உறுத்துகிற தொழிலும் இல்லை. ரொட்டிக்கு மாவு பிசைவதுபோலத்தான் அதுவும். அன்று இடது கண்ணின் இமையைப் போட்டு, பாவையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயின் கோட்டை இழுத்துத் தூரிகையை எடுத்தபோது, ஏடு அவளைத் திரும்பிப் பார்த்தது.

அதே வட்டம், அதே வில், அதே அமைதி. ஆனால் அந்த அமைதிக்குப் பின்னால் யாரோ இருந்தார்கள்.

அவள் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டாள். யாருக்கும் காட்டாமல் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணமான புதிதில் கண்ணாடியைப் பார்த்த மாதிரி.

காரியஸ்தர் கோஜா நஸீர் வந்தபோது அவள் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவர் ஏடுகளைப் புரட்டும் சத்தம் சீராகக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"யாருய்யா இந்த முகத்தைப் போட்டது?"

"வீட்டுலதான் ஐயா" என்றான் கியாஸ்.

"வீட்டுலன்னா? உன் வீட்டுச் சுவரா போட்டுச்சு?"

"என் சம்சாரம்."

"ம்... மத்ததெல்லாம் வேகவெச்ச முட்டை மாதிரி இருக்கு. இது ஒண்ணுதான்யா முகம். இந்தப் பொடியன் மட்டும் உயிரோட இருக்கான், மத்தவனெல்லாம் பொணமான்னு கான் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எல்லாத்தையும் சுரண்டிட்டு இதே மாதிரி போடச் சொல்லு. நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன்னாடி வேணும்."

"அவ்வளவும் எப்படி ஐயா..."

"முடியலன்னா சொல்லு. எதிர்வீட்டுக்காரன் முடியும்னு வாசல்லயே நிக்கறான்." அவர் எழுந்திருக்கும் சத்தம். "நல்லா வந்துச்சுன்னா அந்தம்மா பேரை ஒரு மூலையில எழுதிக்கட்டும். கான் ஒண்ணும் சொல்லமாட்டாரு."

பெயர். பாறை இடுக்கில், புல்லுக்கு நடுவில், எறும்பளவு எழுத்தில் ஆண்கள் எழுதிக்கொள்வார்கள். அவள் தீட்டிய முகங்களுக்குக் கீழே கியாஸின் பெயர்தான் இதுவரை இருந்தது. அது தனக்கு வலித்திருக்கிறது என்பதே அந்த நிமிடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"முட்டையாமே!" என்று அன்று சாப்பிடும்போது ஃபக்ரி சிரித்தாள். "இத்தனை வருஷமா நீ முட்டை போட்டிருக்க, ஒரே வீட்டுல இருந்தும் எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

"உங்க எழுத்தையும்தான் கோழி கிளறின மாதிரின்னு போன தடவை சொன்னாரு" என்றாள் மஹ்லகா.

"கோழியும் முட்டையும். நல்ல குடும்பம்தான்." ஃபக்ரி மெஹ்ரியின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டி சிரிக்கல?"

"சிரிக்கிறேனே அத்தை" என்றாள் மெஹ்ரி.

அவள் முகம் ரொட்டியைப் பார்த்தபடி இருந்தது.

முற்றத்தில் நிழலைத் தேடியது அதற்கு மறுநாள்.

அதற்குப் பிறகு ஓர் அந்திப்பொழுது. வெளியே குளிர் இறங்கிவிட்டது. தாழ்ந்த மேசைக்கு அடியில் கணப்பு, மேசையின்மேல் விரித்த பெரிய பஞ்சுப் போர்வை, அதற்குள் எல்லாருடைய கால்களும். கியாஸ் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். ஃபக்ரி மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள், முத்துகள் செம்புத் தட்டில் ஒவ்வொன்றாக விழும் சத்தம், நாரத்தை விறகுக் கரியின் லேசான கசப்பு வாசனை, ஈரக் கம்பளி உலரும் வாசனை. அவற்றுக்கு அடியில் மெதுவாக இன்னொன்று.

"யாரு கம்பளி கருகுது?" என்று ஃபக்ரி மூக்கைச் சுளித்தாள்.

கம்பளி இல்லை. பண்டிகைக்கு ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டும்போது வரும் வாசனை அது. மஹ்லகா போர்வையைத் தூக்கினாள். மெஹ்ரியின் குதிகால் கனலுக்குள் இருந்தது. காலுறை கருகி ஒட்டியிருந்தது.

இழுத்தாள். தண்ணீரைக் கொட்டினாள். ஃபக்ரி அலறினாள், கியாஸ் விழித்து என்ன என்ன என்றான். இவ்வளவுக்கும் நடுவில் மகளின் முகம் அப்படியே இருந்தது. வில்லான புருவம். மூடிய சின்ன வாய்.

"சுடலையா கண்ணு? ஐயோ, சுடவே இல்லையா?"

"சுடுதும்மா." மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "ரொம்பச் சுடுது."

"அப்புறம் ஏன்டி காலை எடுக்கல? ஏன் அழல?"

"அழுதுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள் மெஹ்ரி.

புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிப் படுக்க வைத்த பிறகு மஹ்லகா ஜன்னலோரத்துக்குப் போனாள். விழும் சிறுவனின் ஏடு பலகைமேல் இருந்தது. விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். அவன் பாதி வழியில் இருந்தான். எலும்புகள் நொறுங்கப்போகிற தரையை நோக்கி, கண்கள் மலர்ந்து, வாய் மூடி. அவன் அழுதுகொண்டுதான் இருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. முகம்தான் இடம் கொடுக்கவில்லை. அந்த முகத்தைக் கொடுத்தது அவள்.

தூரிகையை எடுத்துக் கணப்பின் அருகில் கொண்டுபோனாள். ஒரு பொசுங்கல் நாற்றம், அவ்வளவுதான், முடிந்துவிடும். கரியின் சூட்டில் நுனி லேசாக அசைந்தது. எரித்தால் மெஹ்ரிக்கும் சுடுமோ, அவளுக்கு இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அது உண்மையான பயம் இல்லை என்று உள்ளே எங்கோ தெரிந்தது. அந்த இடத்தை அவள் எட்டிப் பார்க்கவில்லை. தூரிகையை அலசி, நுனியை உதட்டில் வைத்துக் கூட்டி, உறையில் போட்டாள்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக இருந்தது. ஏழெட்டு முகங்கள் முடிந்தன.

தேய்ந்த தூரிகைக்கு மறுபடி மயிர் வேண்டியிருந்தது. மகளை முழங்கால்களுக்கு நடுவில் உட்கார வைத்து, காதுமடலை மடித்து, கொஞ்சம்போல எடுத்தாள். முன்பெல்லாம் சீப்பைக் கண்டாலே ஓடுகிற குழந்தை தலையை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெட்டும்போது கத்திரியின் சத்தம் காகிதத்தை வெட்டுவதுபோலக் கேட்டது. மறுபடி வேண்டியிருந்தது. மறுபடியும்.

குதிரைவீரர்கள் வரிசை வரிசையாக உயிர்பெற்றார்கள். பல்லக்குத் தூக்கிகள், முரசடிப்பவர்கள், பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள். ஏடுகளை அடுக்கி வைத்த அறைக்குள் போனால் கூட்டத்துக்குள் நுழைந்தது போலிருந்தது. மூச்சுகளின் புழுக்கம். மெஹ்ரிக்கோ காலைக் குளிரில் எல்லார் வாயிலும் வருகிற புகை வரவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் வாயில் வாங்கி வைத்துக்கொண்டாள். நடக்கும் சத்தம் நின்றுவிட்டது. கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் அடுத்த அறையில் யாரோ ஏட்டைப் புரட்டுவதுபோலச் சரசரப்பாக வரும்.

ஒருநாள் விளக்கேற்றும் நேரம் ஃபக்ரி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மெஹ்ரியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு இன்னொரு முறை, மெதுவாக. மூக்குக்கு அடியில் நிழல் இல்லை. தாடைக்கு அடியில் இல்லை. விளக்கு எந்தப் பக்கம் போனாலும் முகம் ஒரே வெளிச்சத்தில் இருந்தது, விளக்கே இல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்பதுபோல.

ஃபக்ரி விளக்கைக் கீழே வைத்தாள்.

"ஏடி, அந்தத் தூரிகையில என்ன மயிரு?"

"பூனை."

"தெருவுல பூனையே இல்ல."

மஹ்லகா விளக்கின் திரியைத் தாழ்த்தினாள்.

"துடைச்சுடுடி. ஒரு ஈரத்துணி போதும். அத்தனை முகத்தையும் துடைச்சுடு. நான்தான் தண்ணிய கொட்டிட்டேன்னு கியாஸ்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அடிச்சா என்னை அடிக்கட்டும்."

"கான் அவரைச் சும்மா விடுவாராக்கா?"

"என் தம்பிக்காகப் பயப்படறியா நீ? என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

"இன்னும் கொஞ்சம்தான்க்கா. புஸ்தகம் வீட்டை விட்டுப் போயிட்டா எல்லாம் சரியாயிடும்."

"உன் கையைப் பாருடி. தூரிகை இல்லாமலே தூரிகையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

மறுநாள் விடிந்ததும் ஃபக்ரி காஸரூனில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கழுதையை வாசலில் நிறுத்திவிட்டு வந்து, மெஹ்ரியின் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் விட்டாள். தன் உள்ளங்கையை முக்காட்டு நுனியில் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

"கை இல்லடி அது" என்றாள். "மெருகு போட்ட காகிதம்."

கழுதையின் மணிச்சத்தம் தெருக்கோடியில் தேய்ந்தது. மெஹ்ரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் போறேம்மா" என்றாள், அந்தச் சரசரப்புக் குரலில். "அத்தைகூடப் போறேம்மா." மஹ்லகா கதவைச் சாத்தினாள். வெளிச்சம் வீணாகிக்கொண்டிருந்தது.

கடைசி ஏடு முடியும் நாள் வந்தது. வெந்நீர் வைத்ததுபோல இதமான பிற்பகல். மரத்தில் புதுத் துளிர், தெருவில் பண்டிகைக்குக் கம்பளம் அடிக்கும் சத்தம். கோஜா நஸீர் வாசல் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கியாஸ் தையலுக்கு ஊசியும் பசையும் எடுத்து வைத்துவிட்டு, அவருக்குச் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு முகம் மீதி. படைக்குப் பின்னால், ஏட்டின் மூலையில், தோல்பையைச் சுமந்துகொண்டு போகிற ஒரு தண்ணீர்க்காரன். பாதி முகம் பைக்குப் பின்னால் மறைந்திருக்கும். கான் பார்க்கப்போவதில்லை. யாருமே பார்க்கப்போவதில்லை. ஒரு கோடு, இரண்டு புள்ளி வைத்து முடித்திருக்கலாம்.

தூரிகை தேய்ந்திருந்தது. மகள் பக்கத்து அறையில் சுவரோரம் நின்றிருந்தாள். மஹ்லகா போய்க் காதுக்குப் பின்னால் விரலை விட்டாள். அங்கே மிச்சமிருந்தது கொஞ்சம்தான். எடுத்தாள். மெஹ்ரியின் உதடுகள் அசைந்த மாதிரி இருந்தது. அவள் குனிந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் கை நடுங்கியிருக்கும்.

தண்ணீர்க்காரன் நன்றாக வந்தான். அவனுக்கு வெயில், தாகம், தோள்வலி எல்லாம் இருந்தன. அவளுடைய முகங்களிலேயே அதுதான் சிறந்தது. கிண்ணத்தில் தூரிகையை அலசினாள். நீர் தெளிவாக இருந்தது. அப்பாடா என்று முதுகை நிமிர்த்தினாள்.

"மெஹ்ரி. முடிஞ்சுது கண்ணு. வா."

சத்தம் இல்லை.

பக்கத்து அறையில் மெருகேற்றிய வெற்றுக் காகிதங்கள் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எதிர்ச்சுவரின் அருகில் மெஹ்ரி நின்றிருந்தாள். பச்சைச் சட்டை, ஒரு கை பக்கவாட்டில் நீண்டிருந்தது, யாரையோ பிடித்து நிறுத்தப்போவதுபோல. நன்றாகத்தான் இருக்கிறாள். மஹ்லகாவுக்கு நெஞ்சு லேசானது. மகளை நோக்கி நடந்தாள்.

நடந்தாள். மகள் பெரிதாகவில்லை.

தூரத்தில் இருப்பது கிட்டே போனால் பெரிதாக வேண்டும். கதவு பெரிதானது. சுவரின் விரிசல் பெரிதானது. மெஹ்ரி சாண் அளவிலேயே நின்றாள். இன்னும் ஓர் அடி. சாண்தான். சுவர் வந்துவிட்டது. மூக்கு இடிக்கும் தூரம். சாண்தான்.

பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. சுவரில் சாய்ந்த ஒரு காகிதத்தின் விளிம்பு, நூலிழை போல.

முன்னால் வந்தாள். மகள் இருந்தாள்.

விரலை வைத்தாள். வழவழப்பு. குளிர்ச்சி. வழவழப்புக்கு அடியில் எங்கோ, மிக மெல்லிசாக, தட்தட். தட்தட்.

கண்கள் மலர்ந்து அவளையே பார்த்தன. வாய் மூடியிருந்தது.

ஈரத்துணி. துடைக்க வேண்டும். எதைத் துடைப்பது? அங்கே அடுக்கி வைத்திருக்கும் அத்தனை பேரையுமா? முதலில் அந்தச் சிறுவனையா? இப்போதே தொடங்கினால். இப்போதே. அவள் கால் நகரவில்லை.

"முடிஞ்சுதா?" கியாஸ் உள்ளே வந்தான். "அந்த மனுஷன் எழுந்து எழுந்து உக்கார்றாரு." சுவரிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது எப்பப் போட்ட?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"நான் கோடே போட்டுத் தரலயே. உடம்பு, சட்டை எல்லாம் நீயேவா?" அவன் குரல் தாழ்ந்தது. இத்தனை வருடங்களில் அவன் அவளிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. "நம்ம பொண்ணு சாயல். அவளைப் பாத்துப் போட்டியா? யா அல்லாஹ்... மஹ்லகா, என்னால இது முடியாது. எங்கப்பாவால முடியாது. இந்த ஊர்ல ஒருத்தனாலயும் முடியாது."

வாசல் அறையிலிருந்து காரியஸ்தர் இருமினார்.

"முதல் ஏடா வெச்சுத் தைக்கறேன். உன் பேரையும் கீழ எழுதறேன், என் கையாலயே எழுதறேன். சொல்லு. நீதான போட்ட?"

அவளுக்கு வாயைத் திறக்க ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் முழுவதும் அவளுக்குத் தெரிந்தே கழிந்தது. காகிதத்தில் மகளின் கண்கள். தெருவில் கம்பளத்தின்மேல் விழும் கோலின் அடி. கணவனின் முகத்தில், முதல்முறையாக, மரியாதை.

"நான்தான்" என்றாள் மஹ்லகா.

"மெஹ்ரி எங்க?"

"தூங்கறா."

கியாஸ் காகிதத்தைப் பலகைமேல் வைத்தான். அளவுச்சட்டத்தைப் பொருத்தினான்.

"இந்தக் கை சட்டத்துக்கு வெளிய நீட்டிட்டு இருக்கே. ஏடு அகலம் கூடுது. வெட்டிடவா?"

அவன் கத்தியைத் தீட்டி, இரும்புக் கோலை மணிக்கட்டின்மேல் அழுத்தி, ஒரே இழுப்பாக இழுத்தான். சின்னத் துண்டு ஒன்று சுருண்டு தரையில் விழுந்தது. விரல்கள் இருந்தன அதில். அவை மடங்கின.

முகம் அப்படியே இருந்தது.

"சிவப்பு இன்னும் காயலையே" என்றான் கியாஸ், கத்தியைப் பார்த்து. பஞ்சை எடுத்து ஓரத்தை ஒற்றினான். பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு எடுத்தான். "இவ்வளவு குழைவா கலக்காத. மத்த ஏட்டுலயும் ஒட்டிக்கும்."

மற்ற ஏடுகளின்மேல் அதை வைத்தான். அத்தனை முகங்களுக்கும் மேலே மெஹ்ரியின் முகம். ஊசியை விளிம்பில் குத்தி இழுத்தான். குத்தி இழுத்தான். நூல் ஈரமாக வந்தது. இழுப்பின் சரசரப்புக்குள் இன்னொரு சரசரப்பு இருந்தது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது போல. அவனுக்கு அது கேட்கவில்லை. புத்தகத்தைத் தூக்கி அழுத்துப்பலகைகளுக்கு நடுவில் வைத்து மரத்திருகைப் பிடித்தான். பாதியில் இறுகி நின்றது.

"நீயும் ஒரு கை போடு."

மஹ்லகா கை போட்டாள். திருகு முனகிக்கொண்டே இறங்கியது. பலகைகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு கோடு கசிந்து, ஒற்றை மயிரால் இழுத்ததுபோல மெல்லிசாக, மரத்தின் வழியே கீழே வந்தது.

"இன்னும் ஒரு சுத்து" என்றான் கியாஸ்.

அவர்கள் சேர்ந்து சுற்றினார்கள்.